பாதையின் கடைசியில் உங்கள் டைரக்டரி

அன்பின் ஜெபராஜ் அண்ணாச்சிக்கு,

மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். குழம்பிவிடுவேன் என்று முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. உங்கள் கட்டளைகளை இடம் மாற்றியது.
2. தேடுபாதையின் வரிசையை மாற்றியது.
3. உங்கள் டைரக்டரி இனி யாருக்கும் தேவைப்படாது என்பது.

நம் தீப்பெட்டி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. லினக்ஸ்தான், நம் பழைய யூனிக்ஸின் வாரிசு. ஓய்வில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். மறைந்தவர்களின் கம்ப்யூட்டர் கணக்கை நீக்கிவிடலாம் என்றார் முதலாளி. உங்கள் பெயரிலுள்ள டைரக்டரியில், அந்தக் கோப்புப் பெட்டியில்தானே நீங்கள் எழுதிய ஆபீஸ் கட்டளைகள் எல்லாம் இருந்தன? ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாருக்கும் பொதுவான டைரக்டரியில் வைத்தேன்.

தேடுபாதைக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? ஒரு பெயரைத் தட்டினால், இயந்திரம் பாதையிலுள்ள டைரக்டரிகளை வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை ஓட்டும். நீங்கள் உங்களுடையதை முன்னால் வைத்தீர்கள். சிஸ்டத்தின் கட்டளைகள் முன்னால் இருக்கட்டுமே என்று நான் பயந்து பயந்து சொன்னேன்.

"ஏலே வேலு, சொந்த வீட்டுல தேடாம எவனாவது தாலுகா ஆபீசுல போய்த் தேடுவானால?" என்றீர்கள்.

இப்போது சிஸ்டம்தான் முன்னால். ஆனாலும் ஜெயித்த மாதிரி இல்லை.

'மழை' என்ற கட்டளையை மட்டும் இடம் மாற்றவில்லை. வானம் மூடினால் குச்சியில் மருந்து காயாது. அன்று அந்தக் கட்டளையைத் தட்டினால் லோடு தேதிகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். இப்போதுதான் காயவைக்க மெஷின் வந்துவிட்டதே? அதை அங்கேயே விட்டு, உங்கள் டைரக்டரியைப் பாதையிலிருந்து எடுத்தேன்.

இதுவரை போன வாரம் எழுதியது.

நேற்று நல்ல மழை. காயவைக்கும் மெஷினும் நின்றுவிட்டது. கணக்கு பார்க்கும் பாத்திமா என்னைக் கூப்பிட்டாள்.

"மழை கமாண்டைக் காணலைங்குது அண்ணாச்சி. லாரி ஈரக்குச்சியோட கெளம்பிரும்."

"அது தேவைப்படாதுன்னு நெனைச்சேன்மா."

"அவிய எழுதுனதையா கழிச்சிட்டிய?"

நல்லவேளை, உங்கள் கணக்கை இன்னும் நீக்கவில்லை. டைரக்டரியின் முழு முகவரியையும் அடித்து 'மழை'யை ஓட்டினேன். தேதிகள் நகர்ந்தன. லாரி கிளம்பவில்லை. வேறு எதையெல்லாம் வேண்டாமென்று விட்டிருக்கிறேனோ?

இன்று காலை முதலாளி அறைக்குப் போய், அந்தக் கணக்கு இருக்கட்டும் என்று கேட்டேன். நான் அவரிடம் எதையாவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

உங்கள் டைரக்டரியைப் பாதையின் கடைசியில் சேர்த்துவிட்டேன். எங்கும் அகப்படாததை இயந்திரம் இனி உங்களிடம் வந்து தேடும். நான் உள்ளவரை அதை எடுக்க விடமாட்டேன். மூன்றாவதாக எழுதியது தப்பு, அண்ணாச்சி.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
வேலுச்சாமி