அழைக்க வரவேண்டியவள்

யோக்யகர்த்தா
9 செப்டம்பர் 1996

அன்புள்ள எரிசால்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் நலமும் அம்மா, தங்கை ரோஸ்னித்தா இருவர் நலமும் அறிய ஆவல்.

இந்த ஊரில் எல்லாவற்றிலும் வெல்லத்தைப் போட்டுத் தொலைக்கிறார்கள். பலாக்காய்க் குழம்புகூட இனிக்கிறது. மிளகாய் கேட்டால் கடைக்காரி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

பெண், இனம், பண்பாடு என்று மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறை இது. நான் மினாங்கபாவ் இனத்துப் பெண் என்றதும் பேராசிரியை ஹர்த்தினி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஜாவாக்காரி, "வீடு, வயல் எல்லாம் பொம்பளைங்களுக்குத்தானா? கல்யாணமானா மாப்பிள்ளைதான் பொட்டியத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வருவானா? நீங்கள்லாம் மகாராணிங்கடி" என்றாள். சிரித்து வைத்தேன். மகாராணி விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் வெந்நீர் போட்டதைச் சொல்லவில்லை. ஆய்வும் அதைப் பற்றித்தான் செய்யச் சொல்கிறார்கள், வீட்டுக்குச் சொந்தக்காரிகளான எங்களைப் பற்றி.

ஜூனில் வந்துவிடுவேன். சாப்பாட்டில் குறை இருந்தால் எனக்கு எழுதுங்கள், அம்மாவுக்கு நான் எழுதுகிறேன்.

உங்கள்
டெஸ்மாவித்தா


பாயகும்பு
2 அக்டோபர் 1996

அன்புள்ள டெஸ்மா,

நலம். சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் சாப்பாடு தயார் என்று எனக்குத் தெரிவதில்தான் சிக்கல். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது, நடுவில் நீ வேண்டும். நீ இல்லாததால் உன் அம்மா பூனையிடம் பேசுகிறார். நேற்று நான் முன்கூடத்தில் இருந்தபோது, "மீன் குழம்பு ஆறுதுன்னு ஒரு மனுஷருக்குத் தெரிஞ்சா தேவல" என்று அதனிடம் சொன்னார். பூனை நகரவில்லை. நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.

காபிக்கடையில் என்னைச் சும்மா விடுவதில்லை. "பொண்டாட்டி இல்லாத வீட்டுல மாப்பிள்ளைக்கு என்னய்யா வேலை? காவலா?" என்கிறார்கள். டோமினோவை அடுக்கிக்கொண்டு நானும் சேர்ந்து சிரிக்கிறேன். உள்ளுக்குள் சிரிப்பில்லை.

ஜூன் என்றாய். சரி.

எரிசால்


யோக்யகர்த்தா
16 டிசம்பர் 1996

அன்புள்ள எரிசால்,

நலம். பூனைக் கதையைத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். ஹர்த்தினி அம்மையார் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

ரோஸ்னித்தாவின் கல்யாணத்தைப் பெருநாள் கழித்து வைத்திருக்கிறார்களாம். என்னால் வர முடியாது. அப்போதுதான் முதல் இயலை வகுப்பில் வாசிக்க வேண்டும். தங்கை அழுவாள். நீங்கள்தான் அக்கா வீட்டுக்காரராக நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே முனைவர் பட்டத்துக்கும் படிக்கலாமே என்கிறார் அம்மையார். ஒன்றும் முடிவாகவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இதற்குமுன் எனக்கு அப்படி நடந்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

உங்கள்
டெஸ்மாவித்தா


பாயகும்பு
1 மார்ச் 1997

டெஸ்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை என் அக்கா வீட்டை ஒட்டிய தொழுகைக் கூடத்திலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் ஓதிவிட்டுப் போனபின் பாய் விரித்துக்கொள்கிறேன். என்னோடு மனைவியை இழந்த கிழவர் ஒருவரும் படுக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். உன் வீட்டுப் படியடியில் என் பை இருந்தது. சட்டைகளை மடித்து வைத்து, மேலே சவரக்கத்தியையும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பை படியிறங்கினால் என்ன பொருள் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

நம் வழக்கப்படி என் அம்மா வீடு அக்காவுக்குத்தான், அங்கேயும் எனக்கு அறை கிடையாது என்பதை நீ அறிவாய். அக்கா சோறு போடுகிறாள். அவள் புருஷன் அங்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார், அது அவர் உரிமை. சாப்பிட்டதும் எழுந்து வந்துவிடுகிறேன்.

போகச் சொன்னது நீயா, அம்மாவா என்று எழுது. தவறுதலாக நடந்திருந்தால் உன் வீட்டார் முறைப்படி அழைக்க வரட்டும். அதுவரை நானாக வரமாட்டேன்.

எரிசால்


யோக்யகர்த்தா
14 மார்ச் 1997

அன்புள்ள எரிசால்,

யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. புதுப்பெண்ணுக்குக் கோடி அறையைக் கொடுத்துவிட்டு, மூத்த ஜோடி சமையலறைப் பக்கத்து அறைக்கு நகர வேண்டும், மறந்துவிட்டீர்களா? அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். சட்டையில் படாமலிருக்க அம்மா பையைக் கீழே வைத்திருக்கிறார். பூனையிடம் இரண்டுமுறை சொன்னாராம். நீங்கள் அப்போது வீட்டிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்ததாம். சின்ன அறை பிடிக்காமல் கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று அவர் அழுகிறார் என ரோஸ்னித்தா எழுதியிருக்கிறாள்.

என் தாய்மாமாவுக்கு எழுதிவிட்டேன். அவர் வெற்றிலைத் தட்டோடு வருவார். தயவுசெய்து அவரோடு போங்கள்.

இன்னொன்று. முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடம். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்பீர்களோ என்று பயந்து கேட்கவில்லை. நீங்களும் இங்கே வந்துவிடுங்களேன். கணக்கு வாத்தியாருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஒரு அறை பிடிக்கலாம்.

அந்த வீடு என்னுடையது என்கிறார்கள். இருந்தவரை நான்தான் அந்த வீட்டுக்குச் சொந்தமாக இருந்தேன். திரும்பிப் போக எனக்கு மனமில்லை. எழுதிய இயலையும் இத்துடன் அனுப்புகிறேன்.

உங்கள்
டெஸ்மாவித்தா


பாயகும்பு
20 ஏப்ரல் 1997

அன்புள்ள டெஸ்மா,

உன் மாமா வந்தார். வெற்றிலை போட்டேன். "பெரிய மனசு பண்ணி வாங்க மாப்பிள்ளை" என்றார். கடைவீதி பார்க்க, புது மாப்பிள்ளை மாதிரி அவர் பின்னால் நடந்தேன். எனக்காக ரெண்டாங் கறி ஆக்கியிருந்தார்கள். அறை வெள்ளையாக இருந்தது. கோடி அறையில் ரோஸ்னித்தாவும் அவள் புருஷனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் உன் அம்மா காபியை என் முன்னால் வைத்து, என் முகத்தைப் பார்த்தே பேசினார். "மாப்பிள்ளை, அவ வரமாட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்காக இங்க இருக்க வேணாம். ஆனா போறதா இருந்தா இந்தத் தடவை சொல்லிட்டுப் போங்க. போன தடவை மாதிரி மனசக் கொல்லாதீங்க." இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது. சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மறுபடியும் தொழுகைக் கூடத்தில் இருக்கிறேன்.

உன் இயலைப் படித்தேன். பெண் வீட்டில் இருக்கிறாள், ஆண் வந்து போகிறான் என்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். நம் விஷயத்தில் நீ போனாய், நான் இருந்தேன். அப்படி இருப்பவனுக்கு ஊரில் ஒரு இடமும் இல்லை. உன் இயலிலும் தேடினேன், காணவில்லை.

யோக்யாவுக்கு வரச் சொல்கிறாய். பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை உன் வீட்டுக்கு வந்தேன். அன்று உன் ஆட்கள் மேளத்தோடு வந்து அழைத்தார்கள். இந்தமுறை தபாலில் கூப்பிட்டால் என் கால் நகரவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். மாமா வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். நீ வா. ஒரு நாள் வந்து இந்தத் திண்டாட்டத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. எந்த ஊருக்கென்றாலும் வருகிறேன். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எரிசால்


யோக்யகர்த்தா
12 மே 1997

அன்புள்ள எரிசால்,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அழுதேன். பிறகு அதை ஹர்த்தினி அம்மையாரிடம் காட்டினேன். காட்டியது சரியா என்று தெரியவில்லை. அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இவர் சொல்றதுதான்மா உன் ஆய்வுல இல்ல. இத வெச்சுத்தான் நீ முடிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. உங்கள் கடிதத்தைக் கடைசி இயலில் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவேன். 'ஒரு கணவரின் கடிதம்' என்று மட்டும் இருக்கும்.

வரச் சொல்லியிருந்தீர்கள். ஜூனில் வாய்மொழித் தேர்வு, அதன்பின் முனைவர் பட்டத்துக்கான களப்பணி. இப்போது முடியாது. பிறகு பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்மாவித்தா


பாயகும்பு
3 ஜூன் 1997

அன்புள்ள டெஸ்மாவித்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் நலம். உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார். அதை நிறுத்தச் சொல்லி எழுதிவிடாதே. தேர்வு நல்லபடி முடிய துஆ செய்கிறேன்.

கடிதத்தைச் சேர்த்துக்கொள். பெயரை மாற்ற வேண்டியதில்லை. தலைப்பில் மட்டும் ஒரு திருத்தம். நேற்று மார்க்க நீதிமன்றத்துக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் ஆய்வேடு அச்சாவதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்கிறார்கள். 'முன்னாள் கணவரின்' என்று போட்டுக்கொள்.

எரிசால்