ருஸ்தம் கேட்ட பெயர்

2013 செப். 2, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஒரகடம் ஃபேக்டரி கேன்டீன், ஏ ஷிப்ட். மாவு பிசைந்து தோள் வலி. பயிற்சிக்கு வெளிநாட்டு இன்ஜினியர்கள் மூன்று பேர். உஸ்பெக் நாடாம். ஒருவர் தட்டை நீட்டியதும், "யஹ்ஷிமிஸிஸ்?" என்று கேட்டுத் தொலைத்தேன். நலமா என்று அர்த்தம். அவர் அசந்துபோனார்.

"இன்னாப்பா, அவங்க பாஷைலாம் பேசிகினுகீற?" சூப்பர்வைசர் தனசேகர்.

"டிவில பார்த்தேம்ணே."

பொய். ஆப்கானில் ராணுவ முகாம் சமையலறையில் இரண்டு வருஷம் கான்ட்ராக்ட் வேலை. கைதிகளுக்குத் தட்டு கொண்டுபோவேன். கம்பிக்குப் பின்னால் ஓர் உஸ்பெக்காரர். தினம் ஒரு சொல் கற்றுக்கொடுப்பார். பதிலுக்கு நான் தமிழ். "சாப்டியளா" என்று எங்கள் கோவில்பட்டிக்காரன் மாதிரியே கேட்பார். என்ன சிரிப்பு, அந்த இடத்தில்! அவர் முகம் பார்க்க இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

செப். 4, புதன்

மழை. குன்றத்தூர் பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோ. சோப்பு, பிளேடு வாங்க மறந்தேன்.

அன்று தட்டு நீட்டியவர் பெயர் ருஸ்தம். சப்பாத்தியைக் கவிழ்த்து வைத்தேன், திருப்பி வைத்தார். ரொட்டிக்கு மரியாதையாம். அவர்கள் ஊரில் பயணம் போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவானாம். மிச்சத்தை வீட்டில் பத்திரமாக வைப்பார்களாம், திரும்பிவந்து சாப்பிட.

ஐயோ. முகாமில் அந்தக் கைதியை இடம் மாற்றிய காலையில் கடித்த ரொட்டியை நீட்டி, "வை, வை" என்றாரே! தட்டில் திரும்புவதெல்லாம் குப்பை டிரம்முக்கு, அதுதான் அங்கே ரூல். போட்டுவிட்டேன். பாவி நான்.

எங்கே கொண்டுபோனார்களோ. வேறு நாடு ஏற்றுக்கொண்டால் பிழைப்பேன், ஊருக்கு அனுப்பினால் அங்கே அரசாங்கம் ஜெயிலில் போடும் என்பார். "என் ஊர்க்காரன் எவனிடமும் என் பெயரைச் சொல்லாதே. வீட்டில் இருப்பவர்களைப் பிடிப்பார்கள்."

செப். 6, வெள்ளி

மூவரும் இன்று கிளம்புகிறார்கள். ருஸ்தம் தனியாக வந்தார். உடைந்த ஆங்கிலத்தில், "டிவி இல்லை. நீ அதைச் சொன்ன விதம் எங்கள் ஊர்க்காரர்களுடையது. அங்கே ஒரு தாய் காணாமல்போன மகனுக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் பெயர் என்ன?"

பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான். ஆனால் இவர் யாரிடம் சொல்வார், அவர்கள் யாரிடம் சொல்வார்கள்?

"மறந்துபோச்சு சார்."

மறக்கவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

வேன் நகர்ந்தது. "இன்னாப்பா மரம் மாதிரி நிக்கிற? டாட்டா காட்டு." தனசேகர். காட்டினேன்.

உங்கள் மகன் என் கையால் சாப்பிட்டான், சிரித்தான் என்று அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.