லைன் வீட்டில் சாத்திய கதவு

அம்மா,

இன்று காலை மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பும்வரை நன்றாகத்தான் இருந்தேன். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஒரு பெண் எனக்கு எதிரே நின்றுகொண்டு இருமினாள். சாதாரண இருமல்தான். என் கை தானாகப் பைக்குள் போய், முன்பு உனக்காகச் சுமந்து திரிந்த சானிடைசர் பாட்டிலைத் தேடியது. நீ போன பிறகு அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் முகத்தைச் சுளித்திருப்பது எனக்கே தெரிந்தது. பங்காருபேட்டை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சுளிப்பு எப்போது என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும். மார்பிலிருந்த கட்டியை எடுத்து, முதல் கீமோவும் முடிந்த அன்று பெங்களூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி உனக்கு வெள்ளை அணு குறையும், பிறருக்குச் சாதாரணமாக வரும் சளி உன்னைப் படுக்கையில் தள்ளிவிடும், வீட்டில் கூட்டம் சேர்க்கக் கூடாது, ஜுரம் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே நம் லைனை நினைத்தேன்.

நம் லைனில் யார் வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருந்தது? அப்பா தங்கச் சுரங்கத்தில், மைனில் இருந்தபோது, தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டியதில் கிடைத்த வீடு. அப்பா போய், மைனும் மூடி இத்தனை வருஷமாகியும், இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்பது மாறவில்லை. இந்த வீட்டில் வெங்காயம் வதங்கினால் அந்த வீட்டில் தும்முவார்கள். ஒருவர் படுத்துவிட்டால் போதும், ஹார்லிக்ஸும் பன்னுமாக லைனே வந்து கட்டிலைச் சுற்றி உட்காரும். சர்ச் ஜெபக்குழுப் பெண்கள் வந்தால், ஒவ்வொருவரும் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் போவார்கள். கை வைக்காத ஜெபம் பாதி ஜெபம் என்பது அவர்கள் எண்ணம். உன் எண்ணமும் அதுதான்.

நான் கதவைச் சாத்தினேன். நான் வேலைக்குப் போனதும் நீ உள்தாழ் போட்டுக்கொள்ள வேண்டும், யார் வந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பெங்களூர் ஆபீஸிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் போன் செய்து யார் வந்தார்கள் என்று துருவினேன். "ஜெயில்ல கூட மனு போட்டா ஆள பாக்க வுடுவாங்க" என்றாய் ஒருநாள். சிரிக்கத்தான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கவனமெல்லாம் தர்மாமீட்டரில் இருந்தது. பாதரசம் ஏறாத ஒவ்வொரு மாலையும் எனக்குப் பிழைத்துக்கொண்ட மாலை. வாயில் அதை வைத்திருக்கும்வரை நீ என்னோடு சண்டை போட முடியாது என்பது கூடுதல் வசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஜெபக்குழு வந்தது. முன்னால் நின்றது பக்கத்து வீட்டு கிரேஸ் ஆன்ட்டி, உன் சிநேகிதி. பின்னால் நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது போதுமே எனக்கு. வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, வெளியிலிருந்தே ஜெபியுங்கள் என்றேன். வெள்ளை அணுவைப் பற்றி விளக்கினேன். கிரேஸ் ஆன்ட்டி என்னை விலக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். "உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவடி நானு" என்றார். நானும் விடவில்லை. "உங்க ஜெபம் கதவு வழியா போவாதா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. திரும்பிப் போனார். மற்றவர்களும் கூடவே போனார்கள்.

உள்ளே வந்தால் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

"எனக்கு மார்ல சீக்கு வந்துது. தீட்டு ஒண்ணும் வர்ல."

அன்று இரவுச் சாப்பாட்டை நீ தொடவில்லை. நான் இறங்கி வரவும் இல்லை. பயந்தவளிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

நாலாவது கீமோவுக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்கால வண்டியில் நிற்க இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வந்தோம். பங்காருபேட்டையில் தொண்டை கரகரத்தது. மாரிகுப்பத்தில் இறங்கும்போது மூக்கு ஒழுகியது. இரும்பு கேட்டைத் திறந்தவள் படியேறாமல் நின்றுவிட்டேன். சத்தம் கேட்டு நீ தாழை எடுக்கப் போனாய். திறக்காதே, எனக்குச் சளி பிடித்துவிட்டது என்று கத்தினேன். பிறகு ஜன்னலில் உன் முகம் தெரிந்தது.

"ஊரையே நிறுத்துனியே பாப்பா, ரயில நிறுத்துனியா?"

நீ கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னாய். தினம் அத்தனை பேர் மூச்சையும் வாங்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் படுத்தவள் நான்தான். தம்பி குவைத்தில் இருக்கிறான். உன்னைக் காரில் அழைத்துப் போக, அதற்குப் பிறகு வாந்தி எடுக்கையில் பாத்திரம் பிடிக்க, வீட்டில் வேறு யாரும் இல்லை. கீமோ தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கிரேஸ் ஆன்ட்டி வீட்டுக் கதவு வழக்கம்போல் திறந்துதான் கிடந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். நான் தள்ளி நின்றபடியே, அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"குளிச்சிட்டு போவணுமா, கை கழுவினா போதுமா?"

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குளிச்சிட்டு, என்றேன். குளித்து, துவைத்த புடவை கட்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு உன்னிடம் வந்தார். ஆளில்லாத அவர் வீட்டில் நான் படுத்தேன்.

சளி தீரும்வரை அந்தச் சுவரில் காதை வைத்துக் கிடந்தேன். நீ இருமுகிறாயா என்று கேட்பதற்காக. இருமல் கேட்கவில்லை, உன் சிரிப்புத்தான் கேட்டது. அவர் ஏதோ சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என்னோடு நீ அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது அம்மா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு ஜெபக்குரல் தாழ்ந்து நின்றது. உன் தலையில் அவர் கை இருக்கும் என்று தெரிந்தது. நான் தடுக்கவில்லை. குறித்த நாளில் அவரே உன்னோடு காரில் போய் வந்தார். உனக்கு ஜுரம் வரவில்லை.

மிச்ச கீமோக்களும் முடிந்தன. முடி குட்டையாக முளைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முக்காடு இல்லாமல் சர்ச்சுக்குப் போனாய். நானும் பிழைத்துக்கொண்டோம் என்று நம்பிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கட்டி ஈரலில் வந்திருப்பது தெரிந்தது. டாக்டர் மறுபடியும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி கீமோ தாங்காது என்றார். பிடித்ததைச் சாப்பிடட்டும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்றார். காரில் நீ கேட்டபோது, மருந்தை மாற்றப்போகிறார்கள் என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன்னைக் கட்டிலில் சாய்த்தேன். வெளியே போய்ப் பையை எடுத்து வந்தவள், கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்து, காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அதுவாகச் செய்தது. திரும்பினால் நீ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யாரு வேணாலும் வர்லாம்னு சொல்ட்டாரா டாக்டரு?"

நான் கல்லைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். நீயே, "சரி, கிரேஸ கூப்புடு. அதுக்கு முன்ன அந்த நீலப் பொடவைய எடு" என்றாய்.

லைனே வந்தது. ஜெபக்குழு வந்தது. ஒவ்வொருவராகக் கை வைத்து ஜெபித்தார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"எல்லாரும் வெச்சாங்க. நீ வெக்கல."

ஜெபம் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அத்தனை மாதமும் என் கை உன் தலையில் பட்டதெல்லாம் ஜுரம் பார்க்க நெற்றியில், அதுவும் புறங்கைதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உன் தலையில் வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"ஜொரம் அடிக்குதா?"

"இல்லமா."

"அப்ப எடுக்காத."

வெளியே குழாயடியில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. நான் எடுக்கவில்லை. அந்தக் குட்டை முடியின் குறுகுறுப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது அம்மா. ரயிலில் மேல்கம்பியைப் பிடிக்க வேண்டி வந்தால், அந்தக் கையை விட்டு மற்றக் கையால்தான் பிடிக்கிறேன்.