கொலோனில் அம்மா வெட்டிய டை

கிள்ளான், மலேசியா
24 மார்ச் 2025

அன்பு மகன் கேவினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம்.

அம்மா உன்னிடமிருந்து திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. வந்த மறுநாளே பெட்டியிலிருந்து பாதி வெட்டிய நீல நிற டை ஒன்றை எடுத்து ஷோகேஸில், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். யாருடையது என்றேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை உங்கள் கொலோனில் வேஷம் போட்டு ஆடும் கார்னிவலில் பெண்களின் நாளாம், கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி ஆண்களின் டையை வெட்டலாமாம், அதற்கு ஈடாகக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்க வேண்டுமாம். உன் மாடிவீட்டு ஹெல்முட்டின் டை அது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். முத்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதே கதைதான். பக்கத்து வீட்டு சந்திரகலா, அங்கிள் ஏன் போகலை என்று கேட்டதற்கு, அவருக்கு முட்டி வலிலா என்றாள். இப்போது சாப்பாட்டு மேசையில்கூட வீடியோதான், வெனிஸில் முகமூடி, பெல்ஜியத்தில் ஆரஞ்சுப் பழத்தைக் கூட்டத்துக்குள் வீசுகிறார்கள், ரியோவில் விடிய விடிய ஆட்டம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். ஒன்றிலும் என் பெயர் இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. ஜனவரியில் நீ இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றபோது, வளர்ந்தவர்கள் கோமாளி வேஷம் போடுவதைப் பார்க்க யார் போவது என்று சொன்னேன் அல்லவா, முட்டி வலி சாக்குதான். அப்படியென்றால் நானும் போகவில்லை என்று அவள் சொல்வாள் என நினைத்தேன். அவள் போய்விட்டாள்.

நேற்று நான் ரிட்டையர் ஆன நாளில் கட்டிய மெரூன் டையைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். அந்தப் புழுக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காரில் ஏறியதும், யாருக்காக இந்த டை என்று கேட்டாள். வேறொருத்தன் டையைக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கே, எனக்குப் பிடிக்கல என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொரு வருஷத்தில் நான் அப்படிப் பேசியதில்லை.  அதற்கு அவள், கூட வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன், எல்லாரும் ஜோடி ஜோடியா ஆடுறாங்க, நான் மட்டும் கத்தரிக்கோலை வச்சிக்கிட்டு நிக்கிறேன், அந்த மனுசன் பாவம் பார்த்துத்தான் கழுத்தை நீட்டுனாரு என்றாள்.  வீட்டுக்கு வந்ததும் என் டையை அவளே அவிழ்த்து மடித்து வைத்தாள், இதையெல்லாம் வெட்ட மனசு வராது என்றாள்.

இன்று காலை போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த பிப்ரவரிக்கு இரண்டு டிக்கெட் பார், எனக்குக் கனமான கோட் ஒன்றும் வேண்டும். தவக்கால வெள்ளியில் இறைச்சி தொடாதே, வேலை வேலையென்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உன்னை எப்போதும் காக்கட்டும். ஹெல்முட்டுக்கு என் வணக்கத்தைச் சொல். வேண்டாம், நேரிலேயே சொல்கிறேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
ஸ்டானிஸ்லாஸ்