பந்தியில் பரிமாறிய கை

வில்டன் கன்னிமடத்தில் இருக்கும் என் மனைவி லியோவிவாவுக்கு, ஆல்விக் எழுதிக்கொள்வது. உன் உடம்பையும் மனதையும் கடவுள் காக்கட்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறையில்லை. நான் சொல்லச் சொல்ல நம் ஊர்ப் பாதிரியார் எழுதுகிறார். ஒரு வார்த்தையும் திருத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் இப்போது அரண்மனையில் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் உனக்கென்று எழுதிக் கொடுத்தேனே, அந்த ஆற்றங்கரைப் பண்ணையில் இருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் வீட்டில் குடியேறியதற்கு மன்னித்துக்கொள். மற்ற நிலமெல்லாம் போய்விட்டது.

நடந்தது இதுதான். வின்செஸ்டரில் ஈஸ்டர் விருந்து. பந்தி விசாரிப்பு வழக்கம்போல என் பொறுப்பு. புது ராஜாவோடு கடல் தாண்டி வந்த திரோகோ என்ற நார்மன் பிரபு, மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினான். "உன் பொண்டாட்டிதான் மடத்துக்குப் போயிட்டாளேய்யா. என் தங்கச்சி விதவையா இருக்கா. அவளைக் கட்டிக்கோ, நிலம் உன் பேர்லயே இருக்கும். இல்லேன்னா நானே ராஜாகிட்ட கேட்டு வாங்கிப்பேன்." என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்றேன். "இருக்கா, சரி. உனக்கு இருக்காளா?" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. மொழிபெயர்த்தவன் நம் பக்கத்து ஆள்தான், அவனும் சிரித்தான். உத்தியோகக் கோலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பத்தே நாளில் திரோகோவின் ஆட்கள் நம் பெரிய வீட்டில் குதிரை கட்டினார்கள்.

வருத்தமில்லை என்றால் பொய். ஆனால் இந்த ஐந்து வருஷமும் அங்கே முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டேன். எனக்குப் புரியும் பேச்சில் "சாப்பிட்டியா" என்று ஒருவர் கேட்டதில்லை.

இங்கே மாடு மேய்க்கும் பிரிக்ஸியின் மனைவி தினமும் வந்து எட்டிப் பார்க்கிறாள். நேற்று அடுப்பைப் பார்த்துவிட்டு, "ராஜாவுக்கே பந்தி வச்ச கை, ஒரு கஞ்சிய இப்படித் தீய விடுமா ஐயா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு நீ கேட்டது நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளை புருனிங் புது ராஜாவின் படையோடு நடந்த சண்டையில் அந்த மலைமேல் விழுந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ராஜாவின் முடிசூட்டு விருந்து முடிந்து வீடு திரும்பிய என்னிடம், "உங்க கையாலயா அவனுக்குப் பரிமாறினீங்க?" என்றாய். நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். வந்து பார்த்தால் நீ இல்லை.

இப்போது சொல்கிறேன். ஆமாம், என் கையால்தான். நம் பிள்ளையைக் கொன்ற படைக்குத் தலைவன் முன்னால் இறைச்சித் தட்டை ஏந்தி நின்றேன். நிலத்துக்காக என்று ஊர் சொல்கிறது. உனக்காக என்று நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லை. பயம், அவ்வளவுதான்.

போன மாதம் மடத்து வாசலுக்கு வந்தேன். கதவருகே இருந்த சகோதரி உள்ளே போய் வந்து, "அவங்க ஜெபத்துல இருக்காங்களாம்" என்றார். சாயங்காலம்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

படைக்குப் பயந்து மடத்துக்குள் போன பெண்கள், சபதம் எடுக்காதவர்களாக இருந்தால், வீடு திரும்பலாம் என்று பேராயர் சொல்லிவிட்டாராம். நீ படைக்குப் பயந்து போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மடத்தில் கேட்டால், பயந்துதான் வந்தேன் என்று சொல்லிவிடு, லியோவிவா. அந்தப் பொய்யின் பாவம் என்னோடு இருக்கட்டும்.

உன் பண்ணையில் குடியிருக்கும்,
ஆல்விக்