கனவில் வந்த கிங்கா

அன்புள்ள அப்பாவுக்கு, ரோதிகா புடாபெஸ்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாள்வீச்சுப் போட்டியில் கிங்காவைத் தோற்கடித்துவிட்டேன். "மால்டோவாக்காரிக்கு வாள் எதுக்கு? போய் மாவு பிசைடி" என்று சொல்லி, கிளப்பில் யாரும் என்னோடு பயிற்சி செய்யவிடாமல் தடுத்தாளே, அவளேதான்.

ஆள் கிடைக்காததால் அவளையே கனவுக்குள் இழுத்து வந்தேன். பேக்கரி வேலை முடிந்து மதியம் தூங்கும்போது, கனவு என்று தெரிந்துகொண்டே கனவு காணப் பழகினேன். மூக்கைப் பொத்திப் பார்ப்பேன். அப்படியும் மூச்சு வந்தால் கனவுதான். உடனே வாளை எடுத்து அவள் மணிக்கட்டில் குத்துவேன். இரண்டு மாதம், தினமும்.

ஞாயிறன்று கடைசிப் புள்ளியும் அதே மணிக்கட்டில்தான். புள்ளி விழுந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததும் இதுவும் கனவோ என்று சந்தேகம் வந்துவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றி, பழக்கதோஷத்தில் அவள் எதிரிலேயே மூக்கைப் பொத்தினேன். மூச்சு அடைத்தது. அரங்கமே சிரித்தது.

"நான் என்ன நாறுறேனாடி?" என்று கேட்டு அழுதாள்.

விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். மனசு குளிர்ந்துபோயிற்று.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அம்மா செய்த பிளம் ஜாமும் வேண்டும். அன்றிலிருந்து கிங்கா கனவில் வருவதில்லை அப்பா. வாளோடு நான் மட்டும் நிற்கிறேன். இந்த ஊரில் தினமும் என்னைப் பார்க்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ரோதிகா