கதவோரம் வைத்த சென்சார்

மக்கா,

நேற்று கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் முடிவெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலையில் டை தடவினார்கள். அந்த அம்மோனியா நெடி மூக்கில் ஏறியதும், பாதி வெட்டிய தலையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அந்த மீன் குளிர்கிடங்கில் நீ கம்ப்ரசர் ஆபரேட்டர், நான் கருவிகள் பொருத்துகிறவன். இருவரும் நாகர்கோவில் பக்கம் என்பதால் மதியச் சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். கிடங்கைக் குளிர்விக்கும் அம்மோனியா வாயு கசிந்தால் கத்துகிற சென்சார் வந்தபோது, கம்ப்ரசருக்கு நேர் மேலே, கூரையடியில் பொருத்தினேன். அம்மோனியா லேசு, மேலேதான் ஏறும். நீ அண்ணாந்து பார்த்துச் சிரித்தாய். "இத மோந்து மோந்து எனக்க மூக்கு செத்துப்போச்சு மக்கா. இனி ஒனக்க மெஷினுதான் எனக்க மூக்கு" என்றாய்.

ஆனால் கம்ப்ரசரிலிருந்து பழைய எண்ணெய் வடிக்கும் போதெல்லாம் அது கத்தியது. கொஞ்சம் வாயு வெளியே வரும், கத்தத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் வெளியே ஓட, மீன் லாரி காத்துக் கிடந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கதவோரம் மாற்றி வைக்கச் சொன்னார். "சீசன் கழியட்டே, பின்னே நோக்காம்" என்றார் மலையாளத்தில்; சீசன் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாமாம்.

"வெளிக்காத்து வாற எடத்துல வச்சா அது எதை மோந்து பாக்கும்? வேண்டாம் மக்கா" என்று நீ கெஞ்சாத குறை. "ஒரு மாசந்தாம்லே" என்று உன் வாயை அடைத்தேன். 'இடம் பொருத்தமானது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நீ அன்று என்னோடு சாப்பிட வரவில்லை.

மழைக்காலத்தில் கம்ப்ரசரின் சீல் பெயர்ந்தது. அப்போதும் கதவோரமே இருந்த சென்சார் வாயே திறக்கவில்லை. உனக்குத் தெரிந்தபோது கண் எரிய ஆரம்பித்திருந்தது. மற்றவர்களை விரட்டிவிட்டு வால்வை மூட உள்ளே போனாய். மூடியும்விட்டாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் உயிர் போனது.

விசாரணையில், இடத்தை யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார்கள். மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். "ஆபரேட்டர்தான். சத்தம் தொந்தரவா இருக்குன்னு சொன்னார்" என்றேன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? எனக்கு வேலை போகவில்லை.

பதினாறாம் நாள் உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, அவியதான் மாத்தச் சொன்னாவளாமே? அவிய அப்பிடிச் சொல்லுத ஆளில்லியே."

அவள் முகத்தைப் பார்த்தே, "சொன்னான்" என்றேன்.

இப்போது எந்தக் கிடங்குக்குப் போனாலும், சென்சாரைக் கதவோரம் வைக்கச் சொல்பவர்களிடம் சண்டைக்கு நிற்கிறேன். "சார் பயங்கர ஸ்ட்ரிக்ட்" என்கிறார்கள். கேட்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உன் வீட்டுக்கென்று பஸ் ஏறிப் பாதியில் இறங்கியது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

போன வாரம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். நீயே தேடிக்கொண்ட சாவு என்று உன் மனைவிக்கு உன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லையாம், உன் படத்துக்கு விளக்குக்கூட ஏற்றுவதில்லையாம். அது என்மேல் வரவேண்டிய கோபம், மக்கா.